அல்சூர் பட்டறைக்கு நன்றி

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை நண்பர்களுக்கு,

உங்கள் பட்டறையில் நானே செய்த கிட்டாருக்குப் போன வாரம் கம்பி பூட்டினேன். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும் என்று சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொன்றாக முறுக்கும்போது, கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் மேல்பலகையிலிருந்து பெயர்ந்துவிடுமோ என்று உள்ளங்கை வேர்த்தது. முழுச் சுருதியில் மூன்று நாள் வைத்திருந்தேன், அசையவில்லை. இதை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

கும்பகோணத்து ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. கிட்டாரின் பக்கச் சுவருக்காக இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்த ஈட்டி மரப் பலகையைச் சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைத்தபோது, இடுப்பு வளைவில் 'டக்' என்று விரிசல் விட்டது. இரண்டு மாத வேலை. பேச்சே வரவில்லை. ஐயா பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். தண்ணீர் தொட்டு, குழாயில் மெல்ல உருட்டினார். "தள்ளாதே தம்பி. சூடு உள்ளே இறங்கினா மரமே இளகிக் கொடுக்கும், அதுவரைக்கும் கையை வெச்சுக்கிட்டு இரு" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மரம் இளகும் அந்தக் கணம் இப்போதும் என் விரலில் இருக்கிறது. பலகைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் மழையில் நான் பிரேஸ், அதாவது மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் மரச்சட்டங்களை, ஒட்ட அவசரப்பட்டேன். ஈரத்தில் உப்பியிருக்கும் மேல்பலகையை ஒட்டினால் மார்ச் வெயிலில் அது சுருங்கும்போது வெடித்துவிடும் என்று தடுத்த அண்ணனுக்கு நன்றி. தன் வீட்டுப் பழைய அலமாரிக்குள் குண்டு பல்பு மாட்டி, ஈரப்பத மானி 45 சதவீதத்துக்கு இறங்கும்வரை என் பலகையைப் பத்திரமாக வைத்திருந்தவரும் அவரே.

648 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்கு, முதல் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) நட்டிலிருந்து (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) 36.4 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324இல். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறுசிறு பிசகும் சேர்ந்துகொண்டே போகும், எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும் என்று அருகில் உட்கார்ந்து இருபதையும் சரிபார்த்த கல்லூரித் தங்கைக்கும் நன்றி. பன்னிரண்டாவதில் அழுத்தினால் சுருதி சுத்தமாக நிற்கிறதம்மா.

மாடி வீட்டு அக்கா, எங்கள் மரத்தூள் உங்கள் துணிக்கொடிவரை வந்தும் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் ஃபில்டர் காபி அனுப்பினீர்கள். ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரவல் தந்த எல்லோருக்கும்: துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், பதினெட்டும் இருக்கின்றன.

பிரேஸைச் சீவச் சீவ, மேல்பலகையைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார் ஐயா. இளவயதில் பலாமர வீணைக்கும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாராம். முதலில் தகரம் போலக் கேட்டது ஒரு மாலையில் மணி போல நீண்டது. அப்போது உளியைக் கீழே வைக்கச் சொன்னதும் அவர்தான்.

வரும் ஞாயிறு கிட்டாரைக் கொண்டுவருகிறேன். ஐயா முதலில் தட்டிப் பார்க்கட்டும். அப்புறம் யார் வேண்டுமானாலும் வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறைத் தம்பி