ஒரு செட்டா, ரெண்டு செட்டா?

அன்புள்ள சிநேகிதா,

நலம், நலமறிய ஆவல். வயலும் வரப்புமாகக் கிடக்கும் எனக்கு இங்கிலீஷ் சுத்தமாக மறந்திருக்கும் என்று கிண்டலடித்திருந்தாய். இந்தத் திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு வார்த்தை மட்டும் யாரையும் விட்டுப் போகாது: செட்டு.

பெரியவளுக்குத் தை மாதம் கல்யாணம். மேளம் பேசப் போனால் நாயனக்காரர் முதலில் கேட்டது, "ஒரு செட்டா, ரெண்டு செட்டா?" இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி சேர்ந்தால் ஒரு செட்டாம். வீட்டுக்கு வந்தால் பம்புசெட்டு நின்றுபோயிருக்கிறது. மோட்டாரின் கம்பிச்சுருள், அதான் காயில், புகைந்துவிட்டது, அதுவும் நாற்றங்கால் காய்கிற நேரம் பார்த்து!

காயில் கட்டும் கடையில் காத்திருந்தபோது செல்போனில் அகராதியைத் திறந்தேன். 1989 ஆக்ஸ்போர்டு அகராதிப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருளாம். பின்னால் 'ரன்' என்ற சொல் முந்திவிட்டது, அது போகட்டும். எனக்கு ருசித்தது வேறு. உண்மையில் இவை இரண்டு சொற்கள். ஒன்று பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. நம் அமர், அமர்த்து மாதிரியேதான். கூட்டத்தைக் குறிக்கும் செட்டு வேறு வழி. லத்தீனில் 'செக்தா', அதாவது ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள். அது பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. மதப்பிரிவைச் சொல்லும் 'செக்ட்' அதன் உடன்பிறப்பு. அப்படிப் பார்த்தால் நாயனக்காரர் சொன்னதுதான் அசல். பெரியவர் முன்னால் ஊதிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னாலேயே போகிறார்களே!

அப்புறம், நமக்கே ஒரு செட்டு உண்டு. சிக்கனம். 'கட்டும் செட்டுமாகக் குடித்தனம்' என்று கிழவிகள் சொல்வார்களே, அது. வெள்ளைக்காரனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை வீட்டுக்காரியிடம் விளக்கினேன். "அப்ப ஒரு செட்டு மேளம் வெச்சு, செட்டா முடிங்க" என்று ஒரே வரியில் இரண்டையும் போட்டு என் வாயை அடைத்துவிட்டாள். சம்பந்தி வீட்டார் ரெண்டு செட்டு கேட்கிறார்கள். பேசிப் பார்க்க வேண்டும்.

பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது. நம் பழைய செட்டில் சென்னையில் இருப்பவர்களின் விலாசம் உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. நீ முந்தின நாளே குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுத்தோழன்