சர்வரை எங்கே வைப்பது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "அலுவலகத்தில் நல்ல கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. இணைய இணைப்பும் வேகமாகத்தான் இருக்கிறது. நம் இணையதளத்தை அதிலேயே ஓட்டினால் மாத வாடகை மிச்சமாகுமே?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தாராளமாக ஓட்டலாம், தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, சிறிய தளத்தைப் பழைய கணினியும் தாங்கும். செலவும் தொல்லையும் அந்தக் கணினியைச் சுற்றியுள்ளவற்றால் வருகின்றன. முடிவெடுக்கும் முன் அவற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 100 வாட் இழுக்கும் சர்வர், அதாவது தளத்தை ஓட்டும் கணினி, இரவு பகலாக ஓராண்டு ஓடினால் 876 யூனிட் ஆகும். அறையைக் குளிர்விக்கும் செலவு தனி. மின்தடைக்கு யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் போகும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை அருகில் நின்று கவனியுங்கள். யுபிஎஸ் கீச்சென்று ஒலிக்கும், சர்வரின் விளக்கு அணையாமல் எரியும். ஆனால் ரவுட்டர் வேறோர் அறையில் சாதாரண பிளக்கில் செருகியிருக்கும், அது அணைந்துவிடும். சர்வர் ஓடிக்கொண்டிருந்தும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தளம் இல்லை. ரவுட்டரையும் யுபிஎஸ்ஸோடு இணைத்துவிடலாம்தான். ஆனால் சிறிய யுபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் சில நிமிடங்களே. சர்வரை முறையாக அணைக்க அவகாசம் தருவதுதான் அதன் வேலை. அதன் ஈய அமில பேட்டரியையும் 3 முதல் 5 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். பலருடைய தளங்களுக்கான சர்வர்களை ஒரே கட்டடத்தில் வாடகைக்கு ஓட்டித் தரும் நல்ல டேட்டா சென்டரில் பேட்டரிகள் சுமையைத் தாங்கி நிற்கும்போதே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிவிடும். இணையத் தடங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து வரும்.

இணைப்பின் வேகத்திலும் பலர் ஏமாறுவது இங்கேதான்: விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். உங்கள் தளத்தைப் பார்ப்பவர்களுக்குப் பக்கத்தை அனுப்புவது பதிவேற்ற வேகம். அது நொடிக்கு 10 மெகாபிட் என்றால், 2 மெகாபைட் பக்கம் ஒருவருக்குப் போய்ச் சேர 1.6 விநாடி ஆகும். ஒரே நேரத்தில் 20 பேர் வந்தால் 32 விநாடி. அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். நிலையான ஐபி முகவரியும், அதாவது இணையத்தில் உங்கள் சர்வரை அடையாளம் காட்டும் மாறாத எண்ணும் வேண்டும். பல இணைய சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. அந்த இணைப்பில் வெளியிலிருந்து உங்கள் சர்வரை நேரடியாக அடையவே முடியாது.

மின்னஞ்சல் சர்வரை மட்டும் அலுவலகத்தில் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்வோம். சாதாரண இணைப்புகளில், அஞ்சல் சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள். அதைத் திறக்க வைத்தாலும், வீட்டு இணைப்புகளுக்கான முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெறுபவரின் சர்வர் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல் அவருடைய குப்பை அஞ்சலில் விழுந்தது உங்களுக்குத் தெரியவே வராது.

டேட்டா சென்டர் என்றால் கவலையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. காப்புநகலை வேறிடத்தில் வைக்காதவர்களில் சிலர் தரவை அடியோடு இழந்தார்கள். ஒப்பந்தத்தையும் ஊன்றிப் படியுங்கள்: 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழிக்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிட நிறுத்தம் அடங்கும். அதை மீறினாலும் பெரும்பாலும் வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்களே தவிர, உங்கள் வியாபார இழப்பை ஈடுகட்ட மாட்டார்கள்.

அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் கோப்புகள், கேமரா பதிவுகள், புதிய தளத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை ஆகியவற்றுக்குச் சொந்த சர்வரே சிறந்தது. இணையம் அறுந்தாலும் உள்ளே வேலை நிற்காது. பெரிய கோப்புகளும் சட்டென்று திறக்கும். பொதுமக்கள் வந்து போகும் தளம், ஆர்டர் வாங்கும் தளம் என்றால் டேட்டா சென்டர்தான் எங்கள் பரிந்துரை. வன்பொருள் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமென்றால், சொந்த சர்வரை அவர்களுடைய ரேக்கில் இடம் வாடகைக்கு எடுத்து வைக்கும் வழியும் உண்டு.

சொந்த இடத்திலேயே வைக்க விரும்புவோர் மூன்று விவரங்களை எங்களுக்கு எழுதுங்கள்: வேலை நேரத்தில் அளந்த பதிவேற்ற வேகம், நிலையான ஐபி கிடைக்குமா என்பது, நள்ளிரவில் சர்வர் நின்றால் அறையைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார் என்பது. மூன்றாவதற்கு ஒருவர் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றத்துக்கு முன் உங்கள் காப்புநகலிலிருந்து தளத்தை ஒருமுறை முழுமையாக மீட்டெடுத்துக் காட்டுவோம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புப் பிரிவு