கெய் டிரக்குக்கு நம்பர் பிளேட் குடுங்க: அமெரிக்க மாநில மோட்டார் வாகன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநில மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளுக்கும், அவங்க எல்லாரும் கேட்டு நடக்குற அம்வா (AAMVA) சங்கத்துக்கும், அதாவது அந்த அதிகாரிங்களோட கூட்டமைப்புக்கும், வணக்கம்.

இங்கிலீஷ்ல எழுத வேண்டியதை ஏற்கனவே எழுதி அனுப்பியாச்சு. இதை தமிழ்ல எழுதுறதுக்குக் காரணம், இந்த நாட்டுல கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு, கோழி, காய்கறின்னு இறங்குற நம்ம ஆளுங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க, அவங்கள்ல பல பேர் என்கிட்ட கேக்குற முதல் கேள்வியே அந்தக் குட்டி ஜப்பான் டிரக் வாங்கலாமா, ரோட்டுல ஓட்ட விடுவாங்களாங்கறதுதான். ஒரு மாநிலம் பிளேட் குடுக்குது, இன்னொண்ணு மாட்டேங்குது, அதனால அவங்களுக்கு நான் நேரா ஒரு பதில் சொல்ல முடியாத நிலைமைல நீங்க வச்சிருக்கீங்க. அதான் இந்த மடல்.

முதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன். சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பார், மிட்சுபிஷி மினிகேப், இதெல்லாம்தான் கெய் டிரக். 1990-ல இருந்து எஞ்சின் 660 சிசிக்கு மேல போகக் கூடாது, 1998 அக்டோபர்ல வந்த அளவுப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், ஏத்துற பாரம் 350 கிலோ. இது ஜப்பான் அரசாங்கம் போட்ட கோடு, கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு வச்சது இல்ல. நம்ம ஊர்ல ஆம்னி வேன் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புது சாமானே கிடையாது, அந்த ஆம்னியே சுசுகி கேரி குடும்பத்துல இருந்து வந்ததுதான்.

வண்டியே எழுநூறு கிலோ சொச்சம்தான் வெயிட்டு. மழை பெஞ்சு முடிஞ்ச மேய்ச்சல் நிலத்துல பெரிய பிக்கப்பை விட்டா டயர் பதிஞ்ச குழி அடுத்த சீசன் வரைக்கும் அப்படியே கிடக்கும், இது அந்த மாதிரி நிலத்தைக் கெடுக்காது. பின்னாடி பெட்டியோட மூணு பக்க பலகையும் கீழ இறக்கிடலாம், பெட்டியோட தரை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், அதனால ஐம்பது பவுண்டு தீவன மூட்டையை தோள் வரைக்கும் தூக்க வேண்டியதில்ல, பக்கவாட்டுல நின்னு அப்படியே தள்ளி விடலாம், பதினஞ்சு மூட்டை தாராளமா போகும். வேலி போடும்போது கம்பத்தையும் கம்பிச் சுருளையும் பெட்டில வச்சுக்கிட்டு ஆள் நடக்குற வேகத்துல கூடவே ஊர்ந்து வரணும்னா ஹோண்டா ஆக்டில அட்டாக்னு ஒரு மாடல் இருக்கு, ஃபோர் வீல் டிரைவோட அல்ட்ரா லோ கியர் ஒண்ணு முன்னாடி போக, இன்னொண்ணு ரிவர்சுக்கு, சேத்துல ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற டிஃப் லாக்கும் உண்டு. விவசாயிக்குன்னே யோசிச்சு செஞ்சது. 2012 வரைக்கும் சுபாரு செஞ்ச சாம்பார்ல எஞ்சினை கடைசில பின் சக்கரத்துக்கும் பின்னாடி வச்சிருப்பான், அதனால காலி வண்டியா இருந்தாலும் சேத்துல பின் சக்கரம் பிடிச்சு ஏறும். ஜப்பான்ல விவசாய கூட்டுறவு சங்கங்களுக்குன்னே தனி சாம்பார் போட்டு வித்தாங்க.

வேட்டைக்கு வருவோம். நான் பெரிய வேட்டைக்காரன் இல்ல, ஆனா தெற்கு மாநிலங்கள்ல நிலம் வச்சிருக்கிறவனுக்கு காட்டுப்பன்னி பிரச்சினை இல்லாம இருக்காது. ஒரே ராத்திரில ஒரு கூட்டம் இறங்கி நிலக்கடலைக் கொல்லையையோ சக்கரவள்ளிக் கொல்லையையோ உழுது போட்ட மாதிரி ஆக்கிட்டுப் போயிடும். அதுக்குன்னு பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தர் வருவாரு, மான் சீசன்ல எங்க நிலத்துக்குப் பின்னாடி இருக்கிற பைன் தோப்புலயும் அவர்தான். பைன் மரத்தை வரிசை வரிசையா நட்டு, நடுவுல ஒரு வரிசையை வெட்டி எடுத்த சந்து இருக்கும் பாருங்க, அதுல பெரிய பிக்கப் நுழைஞ்சா ரெண்டு பக்கமும் கண்ணாடி போயிடும், திருப்பவும் இடம் இருக்காது. இது நுழையும், திரும்பவும் செய்யும். மானை ரெண்டு பேர் பிடிச்சா அந்தத் தாழ்வான பெட்டில ஏத்திடலாம், சீசன் ஆரம்பத்துல தெற்குல இருக்கிற வெயிலுக்கு கறி சீக்கிரம் கெட்டுப் போயிடும், அதனால சுட்ட இடத்துல இருந்து ஐஸ் இருக்கிற இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டு போறோங்கறது முக்கியம். வயசான அந்தப் பக்கத்து நிலத்துக்காரருக்கு ஹீட்டர், வைப்பர், கதவு, கூரை எல்லாம் இருக்கிற வண்டின்னா டிசம்பர் காலைல எவ்வளவு நிம்மதின்னு கூட இருந்து பார்த்தா தெரியும்.

இதே வேலைக்கு எல்லாரும் வாங்குறது போலாரிஸ் ரேஞ்சர் மாதிரி சைடு பை சைடு, அதாவது பக்கத்துல பக்கத்துல உக்கார்ற சின்ன ஆஃப் ரோடு வண்டி. அது நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனா புதுசு கூரை, கண்ணாடி, ஹீட்டரோட எடுத்தா இருபதாயிரம் டாலரைத் தாண்டிடும், கெய் டிரக் ஜப்பான் ஏலத்துல எடுத்து, கப்பல் கூலி, அதுக்கு மேல 1964-ல இருந்து இறக்குமதி டிரக்குக்குன்னு போட்டு வச்சிருக்கிற 25 சதவீத வரி, எல்லாம் கட்டியும் பத்தாயிரத்துக்குள்ள முடிச்சவங்க நிறைய பேர். சின்ன விவசாயிக்கு அந்த வித்தியாசம் ஒரு வருஷ தீவனம், ஒரு புது போர்வெல் மோட்டார்.

நிலத்துக்குள்ள ஓட்டிக்கோ, யார் கேட்டான்னு சொல்லுவீங்க. ஆனா நிலம் எல்லாம் ஒரே துண்டா இருக்காது. எங்களுது கவுன்ட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் தள்ளி பாதி. தீவனக் கடை அதே ரோட்டுல. பிளேட் இல்லன்னா அந்தக் கொஞ்ச தூரத்துக்கு டிரெய்லர்ல ஏத்தி, இறக்கி, மறுபடி ஏத்தி, அதை இழுக்க ஒரு பெரிய பிக்கப் வேற. வேட்டைக்காரங்களுக்கும் இதேதான், நேஷனல் ஃபாரஸ்ட்ல மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்ல பார்த்தா பல ரோடு ரோட்டுக்கு லீகலான வண்டிக்கு மட்டும்னு போட்டிருக்கும். பிளேட் இருந்தா போகலாம், இல்லன்னா கேட்லயே நிக்கணும். அதனால பிளேட்டுங்கறது எங்களுக்கு ஊர் சுத்துற விஷயம் இல்ல, அந்த வண்டி வேலைக்கு உதவுமா உதவாதாங்கறதே அதுலதான் இருக்கு.

இப்ப உங்க பக்கத்து விஷயம். ரெண்டு வேற வேற வண்டியை நீங்க ஒண்ணாப் போட்டு குழப்பிட்டீங்கங்கறதுதான் என்னோட முக்கியமான குற்றச்சாட்டு. 25 வயசு ஆகாத மினி டிரக்கை இந்த நாட்டுக்குள்ள கொண்டு வரும்போது மணிக்கு 25 மைலுக்கு மேல போகாம பூட்டி, ஆஃப் ரோடு வண்டின்னு சொல்லித்தான் கொண்டு வருவாங்க. அதுக்கு ரோட்டு பிளேட் இல்லன்னா நியாயம், ஒத்துக்கறேன். ஆனா 1988 இறக்குமதிச் சட்டத்துக்குக் கீழ 25 வயசு தாண்டி வர்றது அப்படி இல்ல. அது ஜப்பான்ல ரோட்டுக்குன்னே செஞ்சு, மஞ்சள் பிளேட் மாட்டி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஷாக்கென்னு அங்க இருக்கிற கட்டாய வண்டிப் பரிசோதனைல நின்னு பாஸ் ஆகி, எக்ஸ்பிரஸ்வேல கூட ஓடின வண்டி. துறைமுகத்துல வண்டிப் பாதுகாப்பு விதிக்கான எச்எஸ்-7 ஃபார்ம் நிரப்பி, மாசுக் கட்டுப்பாட்டு ஃபார்ம் நிரப்பி, வரி கட்டி, ஃபெடரல் அரசாங்கம் சரின்னு உள்ள விட்ட வண்டி. இதே 25 வருஷ ரூல்ல வர்ற நிசான் ஸ்கைலைன் காருக்கு டைட்டில் (உரிமைப் பத்திரம்) குடுக்குற நீங்க கேரிக்கு மட்டும் மாட்டேன்னா எந்தக் கணக்குல?

2010-ல இன்சூரன்ஸ் கம்பெனிங்க பணத்துல வண்டிகளை மோதிப் பார்க்குற ஐஐஎச்எஸ் (IIHS) ஆராய்ச்சி நிறுவனம் மினி டிரக் ரோட்டுக்கு வேண்டாம்னு சொன்னப்போ அவங்க மோதிப் பார்த்த மினி டிரக் சாங்கான் டைகர் ஸ்டார், சீனாக்காரன் செஞ்சது. அந்த மாதிரி வண்டிங்க பத்தி இருந்த பயத்துல உங்க சங்கமும் மாநிலங்களுக்கு வேண்டாம்னு சிபாரிசு பண்ணுச்சு, மாநிலங்களும் ஷாக்கென் பாஸ் ஆன சாம்பாரையும் அதே பெட்டில போட்டு மூடிட்டாங்க.

பாதுகாப்பு பத்தி நான் மழுப்ப விரும்பல. டிரைவர் முட்டிக்கும் முன் பம்பருக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் கிடையாது. பழைய வண்டி பலதுல ஏர்பேக் இல்ல. எழுபது மைல் வேகத்துல லாரிங்களுக்கு நடுவுல இன்டர்ஸ்டேட்ல இதை ஓட்டுறது முட்டாள்தனம், என்கிட்ட கேக்குற எல்லார்கிட்டயும் அதைத்தான் முதல்ல சொல்றேன், குழந்தையை ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போறதுக்கு இது இல்லன்னும் சொல்றேன். ஆனா மோட்டார் சைக்கிளுக்கு பிளேட் குடுக்குறீங்க, நூறு வருஷ ஃபோர்டு மாடல் டி-க்கு குடுக்குறீங்க. 1987-ல இருந்து 1994 வரைக்கும் செஞ்ச தபால் வண்டி, எல்எல்வி, அதுலயும் ஏர்பேக் கிடையாது, ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான், அது இன்னமும் தினம் எங்க தெருவுல வந்து கடிதம் போட்டுட்டுப் போகுது. ஏர்பேக் இல்ல, வலது கை ஸ்டீயரிங்குன்னு எங்க வண்டியை மட்டும் எப்படி ஒதுக்குவீங்க?

2021-ல ரோட் ஐலண்ட்ல, அப்புறம் ஜார்ஜியாவுல, ஏற்கனவே பிளேட் குடுத்த வண்டிங்களுக்கே ரத்துன்னு கடிதம் போச்சு. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. ஒரு ஆளு உங்க கவுன்ட்டர்ல நின்னு, நீங்க கேட்ட பேப்பரைக் குடுத்து, நீங்க சொன்ன வரியைக் கட்டி, இன்சூரன்ஸ் எடுத்து ஓட்டிக்கிட்டு இருக்கான், ஒரு நாள் தபால்ல ஒரு காகிதம் வந்து அந்த வண்டி இனிமே செல்லாதுங்குது. அவன் தப்பு என்ன? மாசசூசெட்ஸ் 2024-ல நிறுத்தினாங்க, ஜனங்க பேசினதும் அதே வருஷம் திரும்பக் குடுத்தாங்க. டெக்சாஸ் 2025-ல சட்டமே போட்டு அனுமதிச்சிருச்சு. கொலராடோவும் அதே வருஷம் சட்டம் போட்டாங்க. அங்க எல்லாம் முடியுதுன்னா மத்த மாநிலங்கள்லயும் முடியும்.

நாங்க கேக்குறது பெருசு ஒண்ணும் இல்லீங்க. 25 வயசு தாண்டின, ஜப்பான் ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் இருக்கிற கெய் டிரக்கை ஆஃப் ரோடு மினி டிரக் வரையறைல இருந்து வெளிய எடுங்க. இன்டர்ஸ்டேட் கூடாதுன்னு போடுங்க, 55 மைல் லிமிட்டுக்கு மேல இருக்கிற ரோட்டுல கூடாதுன்னு போடுங்க, சம்மதம். பிரேக், லைட், டயர், சீட் பெல்ட் வருஷா வருஷம் செக் பண்ணணும்னாலும் சம்மதம், நானே முதல் ஆளா கொண்டு வந்து நிறுத்தறேன். அம்வா சங்கம் அந்தப் பழைய சிபாரிசை இந்த ரெண்டு வகை வண்டியையும் பிரிச்சுப் பார்த்து மறுபடி எழுதணும், எழுதுற குழுவுல விவசாயி ஒருத்தரையும், வேட்டைக்காரர் ஒருத்தரையும், இந்த வண்டியைக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரையும் உக்கார வைங்க. பிளேட்டை ரத்து பண்ணினவங்களுக்கு, புது ரூல் வர்ற வரைக்கும் காத்திருக்க வைக்காம, அந்தப் பிளேட்டை இந்த விதைப்பு சீசனுக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிலம் வச்சிருக்கிற ஒரு சின்ன விவசாயி