காம்டன் பட்டறையும் ஹிட்கோட் தோட்டமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

போன கிழமை அப்பாவும் நானும் சிப்பிங் காம்டன் என்ற ஊருக்குப் போய் வந்தோம். ஃபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். வெள்ளி வேலை பழகி முடித்தபிறகு என்ன செய்வது, கையால் தட்டிச் செய்து இந்தக் காலத்தில் சீவிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். அங்கே நான் பார்த்ததில் பாதி உனக்கென்றே இருந்தது.

லண்டன் பாடிங்டனில் ரெயில் ஏறி மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கினால் பஸ் இருக்கிறது. கொட்ஸ்வோல்ட் குன்றுகளின் வடக்கு ஓரத்துச் சந்தை ஊர். நீளமான ஒரு பெரிய தெரு மெல்ல வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே மண்ணில் வெட்டிய கல் என்பதால் சரியான வடிவு.

அத்தனையும் ஆட்டுக் கம்பளியில் வந்த காசு. வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வணிகர் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடு இன்னும் தெருவில் நிற்கிறது. 1401இல் இறந்த அவரையும் மனைவியையும் பித்தளைத் தகட்டில் செதுக்கி செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத் தரையில் பதித்திருக்கிறார்கள். நீ வந்தால் அந்தத் தகட்டைக் குனிந்து பார். அறுநூறு வருஷம் கழிந்தும் உடுப்பின் மடிப்புகள் அப்படியே தெரிகின்றன.

தெரு நடுவில் சந்தை மண்டபம். வெண்ணெய், சீஸ், கோழி விற்க வருகிறவர்களுக்காக சேர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பட்டு வணிகர் 1627இல் கட்டிக் கொடுத்தது. தெருப் பக்கம் சுவர் கிடையாது, கல் வளைவுகள்தான். தரைக் கல் மேடும் பள்ளமுமாய்த் தேய்ந்து கிடக்கிறது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஏழை ஆண்கள் 6 பேருக்கும் பெண்கள் 6 பேருக்குமென்று ஹிக்ஸ் 1612இல் கட்டிய வீட்டு வரிசையும் நன்றாக இருக்கிறது. தனக்கென்று கட்டிய மாளிகைதான் 1645இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது.

இனி உன் விஷயம். சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் லண்டனின் கிழக்குப் பகுதியில் கைவினைஞர் சங்கம் ஒன்று நடத்தினார். வெள்ளி வேலை, நகை, தளபாடம், இரும்பு வேலை எல்லாம் அங்கே நடந்தன. நல்ல காற்றும் நல்ல வாழ்க்கையும் வேண்டும் என்று 1902இல் சங்கத்துக் குடும்பங்களைக் காம்டனுக்குக் கூட்டி வந்து, ஷீப் ஸ்ட்ரீட்டில் இருந்த பழைய பட்டு ஆலையில் பட்டறை போட்டார். ஆறு வருஷத்துக்குள் சங்கத்தைக் கலைக்க வேண்டி வந்தது. இவர்களின் பாணியை மெஷினில் மலிவாகச் செய்து கடைகள் விற்கத் தொடங்கின. லண்டனில் ஓர்டர் குறைந்த மாதங்களில் ஆட்கள் வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். இந்த நாட்டுப்புறத்தில் வேறு வேலை ஏது? வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. உன் கேள்விக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன், பிள்ளை. அவர்களின் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. கணக்குத்தான் கைவிட்டது.

சங்கம் போனாலும் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. அவர்களில் ஜோர்ஜ் ஹார்ட் என்ற வெள்ளி வேலைக்காரரின் குடும்பம் அதே ஆலையில், அதே மாடியில், இன்றைக்கும் வெள்ளி தட்டுகிறது. படியேறிப் போய்ப் பார்க்கலாம். முகட்டிலிருந்து பழைய பில்லுகள் கம்பியில் கோத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒருவர் கிண்ணத்தை இரும்புத் தாங்கியில் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுகிற இடம் மாறவேயில்லை. கிண்ணத்தைத்தான் ஒவ்வோர் அடிக்கும் துளித்துளியாகத் திருப்புகிறார். நான் கனநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நீ செய்கிற வேலை இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுவதாக விளங்கியது.

அங்கிருந்து ஒரு மைல் அளவு நடந்தால் புரோட் காம்டன். அங்கே நோர்மன் சப்பல் என்ற வீடு. பாழாய்க் கிடந்த பழைய கோவிலை ஆஷ்பி திருத்தி வீடாக்கிக் கொடுத்தது கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்கு! சேர் முத்து குமாரசுவாமியின் மகன், கொழும்பில் பிறந்து, இரண்டு வயதில் தகப்பனை இழந்து, ஆங்கிலேயத் தாயோடு இந்த நாட்டில் வளர்ந்தவர். இலங்கைக்குக் கனிப்பொருள் ஆய்வுக்குப் போனவர், கண்டிப் பக்கத்துத் தட்டார், நெசவாளர், ஓவியர் எல்லாரையும் தேடித் தேடிப் பார்த்து அவர்களின் தொழில்முறையைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைப் பெரிய நூலாக்கி, கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சுப்பொறியிலேயே, 1907-08இல் இந்த ஊரில் அச்சிட்டார். வீட்டில் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. ஒழுங்கையில் நின்று பார்த்தோம். எங்கள் ஊர்க் கைகளைப் பற்றி எழுதியது இந்த வேலிக்குப் பின்னால் அச்சாகியிருக்கிறது என்று நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

ஹிட்கோட் தோட்டம் காம்டனிலிருந்து நாலு மைல் இருக்கும், டாக்ஸி பிடித்தோம். லோரன்ஸ் ஜோன்ஸ்டன் என்பவரின் தாயார் 1907இல் அந்தக் காணியை வாங்கினார். மகன் நாற்பது வருஷம் அதிலேயே கிடந்தார். குன்றின் மேல் காற்று அடிக்கிற இடம். அதனால் முதலில் வேலிகள்: யூ, ஹொலி, பீச் மரங்களை நெருக்கி நட்டு, ஆளுயரத்துக்கு மேலே வெட்டி நேராக்கியிருக்கிறார். ஊரில் கிளுவைக் கதியால் போட்டு வளவு வளவாகப் பிரிப்பதுபோல, ஆனால் ஒவ்வொரு வளவுக்கும் ஒரு நிறம், ஒரு குணம். சிவப்புப் பாத்தியில் பூ மட்டுமல்ல, இலையும் கருஞ்சிவப்பு. அதைக் கடந்து ஒரு வாசலால் திரும்பினால் நீளமாக வெறும் புல், இரண்டு பக்கமும் வேலி, முடிவில் ஆகாயம். ஒரு பூக்கூடக் கிடையாது. அவ்வளவு நிறம் பார்த்த கண்ணுக்கு அது தேவையாக இருந்தது. 1948இல் அவர் தோட்டத்தை, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்தார். தோட்டத்துக்காகவே அவர்கள் பொறுப்பேற்ற முதல் இடம் அதுதான்.

எதிர்ப்பக்கம் கிஃப்ட்ஸ்கேட். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்த தோட்டம். சரிவு செங்குத்து, அப்பா மேலேயே வாங்கில் இருந்துவிட்டார். 1938இல் நட்ட வெள்ளை ரோசா ஒன்று பெரிய பீச் மரத்தில் ஏறி அதையே மூடியிருக்கிறது. வாசம் தூரத்திலேயே வந்தது.

நீ ஒக்டோபரில் வரப்போவதாகச் சொன்னாய். செப்டெம்பரோடு கிஃப்ட்ஸ்கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அந்த ரோசாவும் ஜூலையோடு சரி. முடிந்தால் லீவை அடுத்த ஜூன் கடைசிக்கு மாற்று. கிழமை நாளில் போவோம், பட்டறையில் வேலை நடக்கும். நீ செய்த உப்புக் கரண்டியையும் கொண்டு வா. அவர்களிடம் காட்டி, மாதத்துக்கு எவ்வளவு ஓர்டர் வந்தால் ஒரு ஆள் சமாளிக்கலாம் என்று நேரடியாகவே கேள். அப்பா டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
அம்மா