குத்தகைதாரருக்குச் சட்ட மாணவர் துணை

ஐயா,

திருவாரூர், நாகை பக்கம் வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் செய்கிறவர்கள் இன்னும் நிறைய. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே சட்டம் வந்தாச்சு, ஆனால் மனு எழுதவும் பழைய ரசீதுகளைத் தேடி அடுக்கவும் ஆள் இல்லாமல், வெள்ள நிவாரணம் வரும்போது பட்டாதாரர் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

1987 சட்டப்படி இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவருக்கு வருமான வரம்பும் கிடையாது. ஆனால் வருகிற வழக்கறிஞர் ஒருவரே எத்தனை காகிதக் கட்டுகளைப் புரட்டுவார்? திருச்சி, தஞ்சை சட்ட மாணவர்களை அவரோடு சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் வாதாட முடியாது, சரி. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கான அடங்கலின் நகல் வாங்கலாம், மனு வரைவு எழுதலாம். கையெழுத்து வழக்கறிஞருடையதாக இருக்கட்டும். சான்றிதழுக்காக ஒருநாள் முகாம், குழு போட்டோ மட்டும் வேண்டாம். குறுவை அறுவடை முடிந்ததும் தொடங்கலாமே.

ஒரு வாசகர், மன்னார்குடி