கையெழுத்துப் போட அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானத் தாமதம் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களை விடாமல் படிக்கிறேன். பெரும்பாலானவை 'ஊழியர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை' என்பதில் போய் முடிகின்றன. எனக்கு அதில்தான் ஒரு சங்கடம். 34 வருடம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கியவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காகவும் ஒருவன் பேச வேண்டும் அல்லவா?

போன மாதம் சென்னையில் என் மனைவிக்கு முழங்கால் பரிசோதனை முடிந்து மதுரைக்குத் திரும்பினோம். வழக்கமாக வைகை ரயிலில் வந்துவிடுவோம். ஏழு, ஏழரை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் மகள் விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டாள். இரவு 7.25 விமானம். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரத் தனிக் காசு. பெட்டி 15 கிலோவைத் தாண்டியதற்குத் தனிக் காசு. சரி, அதை விடுங்கள்.

6.40க்குக் குறுஞ்செய்தி வந்தது: விமானம் 8.05க்கு. கொஞ்ச நேரம் கழித்து 8.45 என்றார்கள். அப்புறம் 9.25. நாற்பது நாற்பது நிமிடமாகக் கத்தரித்துக் கொடுத்தார்கள். முதலிலேயே இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தால், உள்ளே போகாமல் வெளியிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டிருப்பாள் என் மனைவி. 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவு விலைச் சிற்றுண்டிக் கடையைத் திறந்தார்கள். டீ பத்து ரூபாய்தான். ஆனால் அது பாதுகாப்புச் சோதனைக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் சோதனை முடிந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே என்ன விலை என்பதைப் போய் வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்தி எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், சிங்கப்பூர் மகன் வீட்டிலிருந்து வருகிறவர், ஒவ்வொரு முறையும் போனை என்னிடம் நீட்டி, "என்னண்ணே போட்டிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது செய்தியில் கேட் மாறியிருந்தது. நான் இல்லாவிட்டால் அவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒன்பது மணி வாக்கில் சண்டை ஆரம்பித்தது. கேட்டில் ஒரே ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சுற்றி முப்பது பேர். ஒருவர் போன் கேமராவை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, "உன் பேரைச் சொல்லு, நெட்டில் போடுகிறேன்" என்கிறார். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறாள்: "ஆபரேஷனல் ரீசன்ஸ் சார்." இயக்கக் காரணங்களாம். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். வாய் ஒன்றைச் சொல்லும், கண் கதவைப் பார்க்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ரயில்கள் ரத்தானபோது மதுரை கவுண்டரில் எனக்கும் அதே குரல்தான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகப் போய், "என்னம்மா, உண்மையில் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "வர வேண்டிய விமானமே லேட் அங்கிள். உங்களுக்கு வரும் மெசேஜ்தான் எங்களுக்கும். சில நேரம் பாசஞ்சர் காட்டித்தான் எங்களுக்கே தெரியும்" என்றாள். காலை பதினொரு மணிக்கு வந்தவள். எட்டு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. விமானம் கிளம்பாமல் கேட்டை விட்டுப் போக முடியாது. விமான நிறுவனத்தின் ஊழியர்கூட இல்லை, ஒப்பந்தத்தில் வேலை எடுத்த இன்னொரு நிறுவனத்து ஆள். என் மனைவியின் வீல்சேரைத் தள்ளிய தம்பியோ மூன்றாவது ஒரு நிறுவனம்.

இந்தத் தூரத்து விமானம் 2 மணி நேரம் தாமதமானால் பயணிகளுக்கு இலவசமாகச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதைச் சொன்னேன். மறுக்கவில்லை. "அப்ரூவல் வரணும் அங்கிள்" என்றாள். வேறு ஊரில் இருக்கும் யாரிடமோ போனில் கேட்டு, முக்கால் மணி நேரம் கழித்து ஆளுக்கொரு சாண்ட்விச்சும் ஜூஸ் டப்பாவும் வந்தன.

நான் எழுத வந்ததே இதற்காகத்தான். விமானம் தாமதமாகும், ரயிலும் தாமதமாகும். விமானிகள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், அதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுகள், தங்கள் ஓய்வறையான ரன்னிங் ரூமில் சரியான தூக்கம் கேட்டுப் போராடியதைப் பார்த்தவன் நான். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது நல்ல விதி. அதற்கு வேண்டிய ஆட்களை முன்கூட்டியே சேர்த்து வைக்காததால்தானே 2025 டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின? அந்த நாட்களிலும் தொலைக்காட்சியில் பயணிகள் யாரைச் சூழ்ந்து நின்று கத்தினார்கள்? இப்படி ஒரு கேட்டில் நின்ற பிள்ளைகளைத்தான்.

என் கவுண்டரில் வெள்ளத்தின்போது ஒருவர் டிக்கெட்டைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். நான் எழுந்துபோய் ஸ்டேஷன் மேனேஜரை அழைத்து வந்தேன். பதினைந்து அடி தூரத்தில் அவர் அறை, வாசலில் பெயர்ப் பலகை. அவர் வந்து நின்று, யாருக்கு முழுப் பணம், யாருக்கு மாற்று ஏற்பாடு என்று அங்கேயே சொன்னார். கூட்டம் அடங்கியது. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டால் முழுப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கவுண்டரில் இருக்கும் கடைசி ஆளும் சொல்வான். அதைச் செய்யும் அதிகாரமும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ரயில்வேயில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பற்றி எழுதினால் உங்கள் பக்கம் போதாது.

விமான நிறுவனம் ஒவ்வொன்றும், தான் இயங்கும் நிலையத்தில் கடைசி விமானம் கிளம்பும்வரை, சாப்பாட்டுக்கும் ஓட்டல் அறைக்கும் பணம் திருப்புவதற்கும் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் உட்காரும் இடமும் தமிழிலும் எழுதப்பட்டு கேட் அருகே தொங்க வேண்டும். 2 மணி நேரம் தாமதமானால் பயணிக்கு என்ன தர வேண்டும், 6 மணி நேரத்துக்கு மேல் போனால் என்ன தர வேண்டும் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். இதை டி.ஜி.சி.ஏ. ஓர் உத்தரவில் செய்துவிடலாம்.

10.10க்குத்தான் கிளம்பினோம். மறுநாள் பேரன் உதவியோடு இதையெல்லாம் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதினேன். அந்தப் பெண்ணின் மேல் குறை எதுவும் இல்லை என்பதை இரண்டு முறை எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'எங்கள் ஊழியரின் நடத்தைக்காக வருந்துகிறோம்' என்று இருந்தது. கீழே யார் பெயரும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே முன்பதிவு எழுத்தர்,
மதுரை.