பில்லில் ஒரு குறியீடு தவறினால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வருவதற்குள் நோயாளிகள் படும் பாட்டைச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதே கதைதான். நான் மதுரையிலிருந்து இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு மருமகளாக வந்தவள். மாமியாருக்குச் சர்க்கரை. மெடிக்கல் எய்டுக்கு, அதாவது இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, சின்னச் செலவுகளுக்கென்று நம் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் சேரும். ஆனாலும் ஆகஸ்டிலேயே, 'சேமிப்புக் கணக்கு தீர்ந்துவிட்டது, இனி கைக்காசுதான்' என்று தகவல் வந்தது.

பழைய பில்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆர்73.9. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்பதற்கான குறியீடு அது. இரண்டாம் வகை நீரிழிவு என்றால் இ11 என்று போட வேண்டும். கிளினிக்கில் யாரோ ஒருமுறை தட்டியது, அப்படியே தொடர்ந்திருக்கிறது. நீரிழிவுச் சிகிச்சை இங்கே எல்லா மெடிக்கல் எய்டு திட்டங்களும் சட்டப்படி தந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் ஒன்று. அந்தச் செலவைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கவே கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, திருத்திவிடலாம் என்று மெடிக்கல் எய்டுக்கு ஃபோன் செய்தால், டாக்டர் படிவம் அனுப்ப வேண்டும் என்றார்கள். கிளினிக்கில் கேட்டால் அனுப்பியாகிவிட்டதாம். மெடிக்கல் எய்டுக்காரர்களுக்கு வரவில்லையாம். ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் எண். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் 11 எண்கள் சேர்ந்துவிட்டன. அதற்குள் மாமியார், எங்களிடம் சொல்லாமலே, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

இந்த ஊர்க்காரர் தியாகராஜ் சூப்ரமணியின் வழக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிறுநீரகம் பழுதாகி, கையிருப்பெல்லாம் கரைந்தபின் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். இருக்கும் இயந்திரங்கள் போதாது என்றார்கள். 1997 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கொடுமைதான், ஆனால் காரணமாவது புரிகிறது. எங்கள் வீட்டு விஷயத்தில் மருந்தும் இருந்தது, பணமும் இருந்தது. ஒரு படிவம்தான் எங்கோ கிடந்தது.

2024 மே மாதம் அதிபர் ராமபோசா, எல்லோருடைய சிகிச்சைக்கும் ஒரே அரசு நிதியிலிருந்து பணம் தரும் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேண்டும், வேண்டாம் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரே நிதியோ பல நிதியோ, என் படிவம் யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

அக்டோபரில் ஒருவழியாகத் திருத்தினார்கள். ஜூன் முதலான பணம் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய பில்களுக்கு, பில் அனுப்புவதற்கான நான்கு மாதக் கெடு தாண்டிவிட்டதாம். மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்